சீக்குப் பாத்தி

அரசாங்கத்தில் பெரிய விஞ்ஞானி ஆவதற்கு என்ன தகுதி வேண்டும் என்று சில இளைஞர்கள் இன்றும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பட்டம், அனுபவம், ஆங்கிலம் என்று ஏதாவது சொல்வேன் என நினைத்து, எழுதிக்கொண்டு போகப் பேனாவோடு வருவார்கள். நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் மேல் அளவோடு பாசம் வைக்கிற மாமனாராகப் பார்த்துப் பெண் எடுங்கள், மற்ற தகுதிகள் தானாக வந்து சேரும் என்பேன். பேனாவை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு என் மாமனாரைத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் நான் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் இளநிலை உதவியாளனாக இருந்தேன். பெயர்தான் ஆராய்ச்சி. மழைமானியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பது, இலையைத் திருப்பிப் பூச்சி எண்ணுவது, மேலதிகாரி வந்தால் ஜீப்பின் கதவைத் திறப்பது, இவைதான் வேலை. சொந்த ஊர் சிலமலை. படித்த பையன், சர்க்கார் சம்பளம் என்பதற்காகப் போடியில் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் தன் ஒரே மகள் ராஜாத்தியை எனக்குக் கொடுத்தார். தாயில்லாப் பிள்ளை என்று பொத்திப் பொத்தி வளர்த்தவர். கட்டிக்கொடுத்த பிறகும் மகளை வீட்டைவிட்டு அனுப்ப மனம் வராமல், என்னையும் சேர்த்து அங்கேயே வைத்துக்கொண்டார்.

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதில் ஒரு குறையும் கிடையாது. அதுதான் அதிலுள்ள கஷ்டம். காலையில் காப்பி எனக்கு மட்டும் வெள்ளி டம்ளரில் வரும். எவ்வளவு புழுக்கமானாலும் சட்டையைக் கழற்ற முடியாது. குழம்பில் உப்பில்லை என்று சொல்ல முடியாது (சொன்னால் சமையற்கார அம்மாவுக்கு ஏச்சு விழும்). ஒரு கொட்டாவி விட்டால் போதும், "மாப்ளேக்குப் பாயப் போடு" என்று மாமாவின் குரல் எங்கிருந்தாவது கேட்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என் அய்யா விஷயம். சிலமலையிலிருந்து போடிக்கு வந்தால் அவர் சம்பந்தி வீட்டுப் படி ஏற மாட்டார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆள் அனுப்புவார். "ஒனக்குன்னு ஒரு வீடு வரட்டும். வந்து ஒரு வாய் சோறு திங்கிறேன்" என்பார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொல்வார், நான் டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நிலையத்துக்கு முதுநிலை விஞ்ஞானி பதவி ஒன்று அனுமதியானது. பதவியோடு ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. தகரக் கூரை, முன்பக்கம் ஒரு பலாமரம், உள்ளே சில எலிகள் என்று அது நிலையத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது. நானும் ராஜாத்தியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். அம்மியை எங்கே போடுவது என்று அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். அய்யாவுக்கு எந்த மூலையில் கட்டில் போடுவது என்று நான் முடிவு செய்தேன். பாக்கி இருந்தது அந்தப் பதவி ஒன்றுதான்.

பதவிக்கு டாக்டர் பட்டம் வேண்டும், அல்லது அதற்கு இணையான கள ஆராய்ச்சிச் சாதனை வேண்டும், சாதனையைத் தேர்வுக் கமிட்டி நேரில் வந்து பார்க்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். டாக்டர் பட்டம் என்னிடம் இல்லை. நடுவில் கிடந்த அந்த 'அல்லது'வை நம்பித்தான் விண்ணப்பம் போட்டேன்.

சாதனை என் மாமனாரின் தோட்டத்தில் இருந்தது. மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு அழுகல் என்று ஒரு நோய் வரும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். இலை மஞ்சளாகும். தட்டையை (ஏலச்செடியின் தண்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். மழைக்கு முன்பே வடிகால் வெட்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசலை நான் சொல்லும் முறையில் தூரைச் சுற்றி ஊற்றினால் அழுகல் வராது என்பது என் கட்சி. அதை நிரூபிக்க ஒரே சரிவில், அழுகல் கண்ட மண்ணில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி போட்டேன். ஒன்றுக்கு என் வைத்தியம். இன்னொன்றை ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டேன்.

இரண்டு மழைக்காலம் போனதும் வைத்தியம் பார்த்த பாத்தி பச்சையாக நின்றது. பார்க்காத பாத்தி மஞ்சளாகி, பாதி சாய்ந்து, கண்டவர் வயிறு எரியும்படி கிடந்தது. எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். ஆராய்ச்சியில் அந்த வைத்தியம் பார்க்காத பாத்திதான் சாட்சி. அது எவ்வளவு கேவலமாக இருக்கிறதோ, நான் அவ்வளவு பெரிய விஞ்ஞானி. தோட்டத்துக் கங்காணி சுருளி அண்ணன் அதற்குச் சீக்குப் பாத்தி என்று பெயர் வைத்தார். தோட்டத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மாமாவுக்கு அந்தப் பாத்தி ஒரு மானப் பிரச்சினை. தோட்டத்துக்கு யாராவது வந்தால் அந்தப் பக்கப் பாதையை விட்டுவிட்டு, மூச்சு வாங்க மேட்டைச் சுற்றிக் கூட்டிப்போவார். கமிட்டி வருகிறது என்று நான் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"அந்தச் சீக்குப் பாத்தியையுமா மாப்ளே காட்டணும்?"

"அதத்தான் மாமா முக்கியமாக் காட்டணும்."

"டெல்லியிலருந்து வர்றவுக. நம்ம தோட்டம் இம்புட்டுத்தான்னு நெனச்சுட்டுப் போயிருவாகளே."

நான் அவருக்கு அறிவியல் ஆராய்ச்சியின் அடிப்படைகளை விளக்கினேன். அந்தப் பாத்தி மோசமாக இருந்தால்தான் இந்தப் பாத்தி நல்லது என்று தெரியும், ஒப்பிட ஒன்று இல்லையென்றால் ஆராய்ச்சியே இல்லை என்று நீளமாகப் பேசினேன். துண்டை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரி மாப்ளே, நீங்க படிச்சவுக" என்றார். (இந்த வாக்கியத்துக்கு, நீ சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை, நான் நினைத்ததைத்தான் செய்யப்போகிறேன் என்று அர்த்தம். இது தெரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.)

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாள் வருகிறார் என்றால் முதல் வேலை, இருப்பதில் நோஞ்சானைப் பின்பக்கம் கொண்டுபோவது. சொறி பிடித்த மாடு கொட்டத்துக்குப் பின்னால் போகும். கால் உடைந்த நாற்காலி அடுப்படிக்குப் போகும். நான் ராஜாத்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, எந்நேரமும் தள்ளாடியபடி இருக்கும் அவள் சித்தப்பா ஒருவரைக் காலையிலேயே ஜீப்பில் ஏற்றி மேலே தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அப்படி ஒருவர் இருப்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். இதை யாரும் மறைப்பது என்று நினைப்பதில்லை, வருகிறவருக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைப்பார்கள். விருந்தாள் போனதும் மாடு, நாற்காலி, சித்தப்பா எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

இதையெல்லாம் நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்போது வேறு சோலி இருந்தது. மதுரையில் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருந்தேன். நேர்முகத் தேர்வில் வெல்வது பற்றிய ஒரு புத்தகத்தையும் அங்கேயே பஸ் ஸ்டாண்டில் வாங்கியிருந்தேன். அதிகாரிகளுக்கு ஒருபோதும் முதுகைக் காட்டாதே என்று அந்தப் புத்தகம் சொன்னது. ஆகவே பாத்திகளுக்கு முதுகையும் கமிட்டிக்கு முகத்தையும் காட்டி நின்று பேசுவதென்று தீர்மானித்தேன்.

ஆங்கிலத்தில் ஓர் உரை எழுதி மனப்பாடம் செய்தேன். எந்த வரியில் வலது கையை நீட்டி நல்ல பாத்தியைக் காட்டுவது, எந்த வரியில் இடது கையை நீட்டிச் சீக்குப் பாத்தியைக் காட்டுவது, எங்கே பெருமூச்சு விடுவது எல்லாம் முடிவாகியிருந்தன. மாமனார் வீட்டு மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். ராஜாத்திக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. இருந்தும் நான் விட்ட வரியை எடுத்துக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். "பெருமூச்ச மறந்துட்டீக" என்றும் சொல்வாள்.

கமிட்டி வருவதற்கு முந்தைய இரண்டு நாளும் நான் மதுரையில் இருந்தேன். கோட்டை வாங்குவது, கமிட்டியை ரயிலடியில் வரவேற்பது, மறுநாள் ஜீப்பில் மலைக்குக் கூட்டிவருவது எல்லாம் என் பொறுப்பு (நானே எடுத்துக்கொண்ட பொறுப்பு, வேறு யாரும் கேட்கவில்லை). பாத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் இவ்வளவு அக்கறையாக நிறைவேற்றப்பட்டது வேறு எதுவும் இல்லை.

கமிட்டியில் இரண்டு பேர். தலைவர் வடக்கத்தியர், செடிகளின் நோய்களில் கரை கண்டவர். முகத்தைப் பார்த்தால் செடிகளுக்கே நோய் வந்துவிடும் போலிருந்தது. இன்னொருவர் மலையாளத்துக்காரர், எல்லோரும் அவரை டாக்டர் அம்மா என்றார்கள். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்று தெரிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நம் பக்கம் பேச ஓர் ஆள் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். போடிமெட்டைத் தாண்டியதும் மூடுபனி வந்து சாலையை மறைத்தது. நான் கோட்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வேறு வழியில்லை. தையற்காரர் அக்குளில் துணியை மிச்சம் பிடித்திருந்ததால் குனியவும் முடியவில்லை, கையைத் தூக்கவும் முடியவில்லை.

தோட்டத்தில் மாமா வெளுத்த வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக நின்றார். பக்கத்தில் சுருளி அண்ணன். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு. மாமா என் காதோரம் வந்து, "கவலப்படாதீக மாப்ளே. எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். களை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பாத்திப் பக்கம் பனி அடர்ந்து கிடந்தது, பத்தடி தள்ளி நிற்கும் செடிகூட நிழலாகத்தான் தெரிந்தது. நான் அங்கே அதிகம் பார்க்கவும் இல்லை. முதுகைக் காட்டி நிற்க வேண்டிய இடம் எது என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

நின்றேன். ஆரம்பித்தேன். நல்ல பாத்தியைப் பற்றிய பகுதி சிக்கலில்லாமல் போனது. தலைவர் தலையை ஆட்டினார், டாக்டர் அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். குவார்ட்டர்ஸின் கதவு பாதி திறந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் காற்று வீசிப் பனி விலகத் தொடங்கியது. என் முகத்தில் வெயில் பட்டதால் எனக்கு அது தெரியும். என் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிந்தது என்பதுதான் தெரியாது.

இடது கையைக் கோட்டு அனுமதித்த அளவுக்கு நீட்டினேன். "இனி வைத்தியம் பார்க்காத பாத்தியைப் பாருங்கள். இந்த மஞ்சள் இலைகளைப் பாருங்கள். பார்க்கவே பரிதாபமாக இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, பெருமூச்சு விட்டேன்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். டாக்டர் அம்மாவின் வாய் லேசாகத் திறந்தது. என் ஆங்கிலத்தில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாதிச் செடிகள் மாண்டுவிட்டன, மீதி மரணத்தை எதிர்பார்த்து நிற்கின்றன என்றேன். இந்தப் பாத்தியில் ஒரு காயைக்கூட நாம் எதிர்பார்க்க முடியாது என்றேன். தலைவர் என்னை ஒரு தடவை பார்ப்பார், என் தோளுக்கு மேலே ஒரு தடவை பார்ப்பார். தூரத்தில் சுருளி அண்ணன் எனக்குப் புரியாத ஒரு பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

உரையின் உச்சம் அடுத்து வந்தது. அழுகல் கண்ட தட்டை லேசாக இழுத்தாலே கையோடு வரும் என்பதைச் செய்து காட்ட வேண்டும். முதுகைத் திருப்பக் கூடாது என்ற விரதம் வேறு. கையைப் பின்னால் விட்டு அகப்பட்ட தட்டையைப் பிடித்தேன். அக்குளில் கோட்டு டர்ரென்று கிழிந்தது. லேசாக இழுத்தேன், வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். அழுகல் செடி இவ்வளவு கனக்காதே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கமிட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தேன்.

வந்தது. தட்டை மட்டும் வரவில்லை, மொத்தத் தூரும் வேரோடும் மண்ணோடும் வந்தது. நான் சரிவில் குப்புற விழுந்து புரண்டு தலைவரின் காலடியில் மல்லாந்தேன். என் மார்பின் மேல் ஓர் ஏலச்செடி கிடந்தது. அவ்வளவு செழிப்பான செடியை நான் அதுவரை பார்த்ததில்லை. இலை கரும்பச்சை, அடியில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும் சரங்கள், அதில் ஒன்று என் மூக்கின் மேல். வேரைச் சுற்றி ஒரு சணல் சாக்கு. அந்தச் சாக்கைக் கயிறு போட்டு நேர்த்தியாகக் கட்டியிருந்தார்கள். படுத்த வாக்கிலேயே பாத்தியைப் பார்த்தேன். சீக்குப் பாத்தி முழுவதும் இதே போன்ற செடிகள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நிற்பதுபோல வரிசை கட்டி நின்றன. பக்கத்தில் நான் இரண்டு வருடம் வைத்தியம் பார்த்த பாத்தி அவற்றின் ஏழைச் சொந்தக்காரரைப் போல இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. தலைவர் குனிந்து என்னிடம், இதுதான் அந்த நோயா என்று நிதானமாகக் கேட்டார். டாக்டர் அம்மா சுருளி அண்ணன் பக்கம் திரும்பி, இந்தச் செடியை எப்போது நட்டது என்று விசாரித்தார்.

"நேத்துச் சாயங்காலந்தாம்மா" என்றார் சுருளி அண்ணன். "சாக்கோட வச்சாத்தான் பெறகு வெரசா எடுக்க முடியும்."

அந்த அம்மாவுக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது போலும், தீர்த்துவைப்போம் என்று மாமா முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மிகுந்த பணிவோடு சொன்னார்.

"சீக்குச் செடியெல்லாம் பத்திரமா இருக்கும்மா. ஸ்டோருக்குப் பின்னாடி வரிசையா வச்சுருக்கோம். நீங்க கெளம்புனதும் திருப்பி நட்டுருவோம்."

டாக்டர் அம்மா இதை ஆங்கிலத்தில் தலைவருக்குச் சொன்னார். வரி வரியாக, ஒன்றும் விடாமல் சொன்னார். அவருக்குத் தமிழ் இவ்வளவு நன்றாகப் புரிந்திருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. தலைவரின் கணுக்காலில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதைக்கூட அவர் கவனிக்காமல், அந்தச் செடிகளைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால், ஈரச் சாக்குப் போட்டு மூடி, சீக்குச் செடிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. சித்தப்பாவைப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு. தலைவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார், ஒரு தட்டையை இழுத்தார், அது கையோடு வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல அழுகல் என்றார். அன்று முழுவதும் அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது அப்போதுதான். எனக்கு உயிர் வந்தது. இவை அந்தப் பாத்தியில் இருந்தவைதான் ஐயா, சத்தியமாக என்றேன்.

அதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர வேறு என்ன சாட்சி இருக்கிறது என்று கேட்டார் அவர். உங்கள் வார்த்தையைத்தான் சற்றுமுன் கேட்டேனே என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது விருந்து. மாமா பரிமாறச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். கமிட்டி சாப்பிட்டது. எனக்குச் சோறு மண்ணாக இருந்தது. ஜீப்பு கிளம்பிப் பனிக்குள் மறைந்ததும் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோலி நல்லபடியா முடிஞ்சுச்சு மாப்ளே" என்றார்.

போடி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நான் வெடித்தேன். அந்த வீட்டில் முதல்முறையாகச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினேன். (கோட்டு ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது.) உங்களால்தான் போச்சு, என் வேலையும் போச்சு, வீடும் போச்சு என்று வாய்க்கு வந்ததை எல்லாம் மாமாவைச் சொன்னேன். என்ன தப்பு என்று புரியாத முகத்தோடு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ராஜாத்தி என் சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள், "அந்தச் செடியெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை.

"மேட்டுக் கட்டத்துலருந்து."

மேட்டுக் கட்டம், தோட்டத்தின் மேட்டுப் பகுதி, மாமாவின் உயிர். தோட்டத்திலேயே உசத்தியான செடிகள் அங்கேதான் நின்றன. அதில் காய் எடுக்க வேறு யாரையும் விட மாட்டார், அண்ணன் தம்பி கேட்டும் ஒரு கன்று கொடுத்ததில்லை. காய் முற்றி நிற்கும் பருவத்தில் அவற்றைத் தோண்டி எடுத்தால் அந்த வருட மகசூல் அதோடு சரி.

"மழையில நனஞ்சுக்கிட்டு அவரே தோண்டுனாராம். சுருளி அண்ணன் கையக்கூட வைக்க விடலையாம்" என்றாள். பிறகு, "ஒங்களுக்கு வேல கெடச்சா நாம தனியாப் போயிருவோம்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் செஞ்சாரு" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கோபம் இருந்தது, அதை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அன்று இரவு மாமா திரும்பி வந்து வழக்கம்போலச் சாப்பிட உட்கார்ந்தார். நான் ஒரு கொட்டாவி விட்டேன். "மாப்ளேக்குப் பாயப் போடு" என்றார். எங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது.

சாதனையைச் சரிபார்க்க இயலவில்லை என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. வேறு ஒருவர் டாக்டர் பட்டத்தோடு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார். பலாமரத்தில் அவர் வீட்டுத் துணி காய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டே நான் மழைமானிக்குப் போனேன். டீக்கடையில் அய்யாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எனக்கு ஒரு பன்னும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சீக்குச் செடிகளைத் திருப்பி நடுவதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. மேட்டுக் கட்டத்துச் செடிகள் சீக்குப் பாத்தியிலேயே நின்றன. சாக்கை மட்டும் எடுத்துவிட்டு மாமா அவற்றை அங்கேயே வேர் பிடிக்க விட்டார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவை ஒவ்வொன்றாக மஞ்சளாகின. ஒருநாள் நானும் மாமாவும் போய்ப் பார்த்தோம். அவர் ஒரு தட்டையைத் தொட்டார். லேசாகத்தான் இழுத்தார், கையோடு வந்துவிட்டது. அடுத்த பாத்தி, என் வைத்தியம் பார்த்தது, அசையாமல் பச்சையாக நின்றது.

"நல்லாத்தான மாப்ளே இருந்துச்சு" என்றார்.

"மண்ணுதான் மாமா" என்றேன்.

அந்தத் தட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார். மறு வருடம் மழைக்கு முன்பே, தோட்டம் முழுக்க உங்கள் மருந்தை ஊற்றுங்கள் என்று அவராகவே வந்து சொன்னார். இந்தியாவில் என் ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அவரை நம்பவைக்க அவருடைய மேட்டுக் கட்டத்தையே காவு கொடுக்க வேண்டியிருந்தது.

எனக்கும் அங்கேதான் புத்தி வந்தது. நோயாளிச் செடி நோயாக இருப்பதில் என்ன அதிசயம்? இருப்பதிலேயே நல்ல செடியைக் கொண்டுவந்து அந்த மண்ணில் வைத்து, அது அழுகுவதைக் காட்டினால் அல்லவா மண்ணின் குற்றம் விளங்கும்? தெரியாமல் மாமா செய்ததை அடுத்தடுத்த வருடங்களில் நான் தெரிந்தே செய்தேன். இந்தத் தடவை பாத்திக்கு வேலி போட்டுப் பூட்டினேன். சாவியை மாமாவிடம் கொடுக்கவில்லை.

எண்பதுகளில், டாக்டர் பட்டக்காரர் குளிர் ஒத்துக்கொள்ளாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு போனதும் பதவி மறுபடி காலியானது. நேர்முகத் தேர்வுக்கு உள்ளே போனேன். தலைவர் நாற்காலியில் அந்த டாக்டர் அம்மா. என் விண்ணப்பத்தைத் திறக்காமலேயே, "அந்தச் சாக்குச் செடி எந்தாயி?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

எல்லாம் அழுகிப்போச்சு அம்மா என்றேன். பிறகு மனப்பாடம் எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன். மேட்டுக் கட்டத்தைச் சொன்னேன், மாமா தட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன், வேலியையும் பூட்டையும் சொன்னேன். அவர் அன்று சிரிக்காமல் விட்ட சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்தியைப் பார்க்க இந்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் வருவேன் என்றார். அப்படியே வந்தார். பார்த்தார். நான் முதுநிலை விஞ்ஞானி ஆனேன்.

அய்யா குவார்ட்டர்ஸுக்கு வந்து, முதல் நாளே குழம்பில் உப்பு இல்லை என்று சத்தமாகச் சொன்னார். எனக்கு அதைக் கேட்கக் காது குளிர்ந்தது. நாங்கள் குடிபோன கொஞ்ச நாளில் மாமாவும் வந்தார். அழுகல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் கையில் படுக்கைச் சுருள் இருந்தது. போகவில்லை. மகள் இல்லாத வீட்டில் அவருக்கு என்ன இருக்கிறது? நானும் போகச் சொல்லவில்லை. வெள்ளி டம்ளரில் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டால், "மாமாவுக்குப் பாயப் போடு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். சட்டையைக் கழற்ற முடியாமல் அவர் நெளிவதைப் பார்க்க எனக்கு ஒரு தனி ஆனந்தம்.

எங்கள் வீட்டில் எதையாவது ஒளித்து வைப்பதற்குப் பெயர் இன்றும் 'ஸ்டோருக்குப் பின்னாடி வைப்பது'தான். விருந்தாள் வந்தால் பிள்ளைகளின் மார்க்குப் பட்டியல் ஸ்டோருக்குப் பின்னாடி போகும், கருகிய தோசை போகும். பல வருடம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலேயே ராஜாத்தி என்னையும் மாமாவையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா இருமுவாரு. நீங்க அழுகலப் பத்திப் பேசுவீக. வணக்கம் சொல்லிட்டு ரெண்டு பேரும் பின்னாடி ரூமுக்குப் போயிருங்க."

"நான் பொண்ணோட அப்பன். முதுநிலை விஞ்ஞானி" என்றேன்.

"அத நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

வணக்கம் சொல்லிவிட்டுப் போனோம். பின்னறையில் உடைந்த நாற்காலி ஒன்றும், ஓடாத மின்விசிறி ஒன்றும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தன. முன்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தமும் காப்பி மணமும் வந்தன, காப்பி வரவில்லை. நான் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தேன். மாமா என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார்.

"சத்தம் போடாதீக மாப்ளே. அவுக கெளம்புனதும் திருப்பி நட்டுருவாக."